வலிக்குச் சொன்ன விலை

எங்கள் கடைத்தெருவில் யாரும் எடுத்த எடுப்பில் உண்மையான எண்ணைச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. என் அப்பாவிடம் மணி கேட்டால், கைக்கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "உங்களுக்கு எத்தனை மணிக்குப் போகணும்?" என்று திருப்பிக் கேட்பார். அவரிடம் தொழில் பழகி, முப்பத்தைந்து வருடம் ஜவுளி விற்ற ஆள் நான். என்னை நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு சின்னப் பெண் பேனாவும் கையுமாக, "சார், வலி எவ்வளவு? பூஜ்யத்திலேர்ந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க" என்றால் என்ன நடக்கும்? அதுதான் நடந்தது.

முதலில் கட்டைவிரல் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

என் வலது கட்டைவிரலின் அடிமூட்டு தேய்ந்துபோயிற்று. எல்லாம் கத்தரிக்கோல் செய்த வேலை. துணி வெட்டுகிற கத்தரிக்கோல் காகிதம் வெட்டுகிற சாமான் இல்லை. ஒரு முழம் நீளம், நல்ல இரும்பு, கீழே விழுந்தால் தரை உடையும். அதன் மேல் வளையத்துக்குள் கட்டைவிரலை விட்டு, நாள் முழுக்கத் திறந்து மூட வேண்டும். கோடு போடாமல் வெட்டுவேன். என்னிடம் துணி எடுக்கிற தையல்காரர்கள் வீட்டுக்குப் போய் ஓரத்தை நேராக்க மறுபடி கத்தரி வைப்பதில்லை. என் விலையைத் திட்டாதவன் தெருவில் இல்லை. என் வெட்டைக் குறை சொன்னவனும் இல்லை.

இரண்டு வருடமாக வலி. முதலில் பாட்டில் மூடி திறக்க வரவில்லை. பிறகு பூட்டில் சாவி திரும்பவில்லை. சட்டைப் பொத்தானை என் மனைவி போட்டுவிட ஆரம்பித்தாள். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஒரு நாள் விலை உயர்ந்த கம்பளித் துணியின் நடுவில் கத்தரிக்கோல் கோணிக்கொண்டு போனது. எதிரில் நின்ற தையல்காரர் ஒன்றும் சொல்லாமல் துணியை மடித்துக்கொண்டார். அவர் ஒன்றும் சொல்லாததுதான் தாங்கவில்லை. மறுநாளே எலும்பு டாக்டரிடம் போனேன்.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் காட்டினார். "இந்தச் சின்ன எலும்பு இருக்கு பாருங்க, இதை எடுத்துடுவோம்."

"எடுத்துட்டு?"

"உங்க கையிலேர்ந்தே ஒரு தசைநாரை எடுத்து, சுருட்டி, அந்த இடத்துல வெச்சுத் தைச்சிடுவோம்."

"புதுசா எதுவும் போடறதில்லையா?"

"இல்லை. உங்களுதுதான்."

என் சரக்கை எடுத்து எனக்கே விற்கிற வியாபாரம். அந்த மனிதர் மேல் எனக்கு உடனே ஒரு மரியாதை வந்துவிட்டது.

"கழட்டின எலும்பைக் கையில குடுத்துடுவீங்கல்ல டாக்டர்?"

"எதுக்கு?"

"பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கறது எங்க பழக்கம்."

"அது துண்டு துண்டாத்தான் வரும்."

"துண்டும் நாங்க விக்கறதுதான்."

அவர் சிரிக்கவில்லை. பள்ளிக்கூட வாத்தியார் வீட்டுப் பிள்ளை என்று பிறகு தெரிந்தது. எண்ணைக் கேட்டால் எண்ணைச் சொல்கிற வீடு. நிபந்தனையை மட்டும் தெளிவாகச் சொன்னார். நாலு வாரம் மாவுக்கட்டு. கட்டுப் பிரித்த பிறகு எட்டு வாரம் பயிற்சி. கட்டைவிரல் நுனி ஒவ்வொரு விரலாகத் தாண்டிப் போய்ச் சுண்டுவிரலின் அடியைத் தொட வேண்டும். தொட்டால் பழையபடி கத்தரிக்கோல் பிடிக்கலாம்.

"தொடலைன்னா?"

"மூணு மாசத்துல எவ்வளவு வருதோ அதுதான் வரவு. அப்புறம் வர்றதெல்லாம் கொசுறு."

வாத்தியார் வீட்டுப் பிள்ளை வாயில் அந்த வார்த்தை எப்படி வந்தது என்று தெரியவில்லை. எனக்கு நன்றாகப் புரிந்தது.

ஆபரேஷன் முடிந்து, கட்டைவிரல் மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி மாவுக்கட்டோடு கடைக்கு வந்தேன். கத்தரிக்கோல் என் மச்சான் கைக்குப் போயிருந்தது. மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. நல்ல பையன், நாற்பத்திரண்டு வயது. அவன் வெட்டுவது நேராக வராது என்று அவனுக்கே தெரியும். அதனால் ஒவ்வொரு துணியிலும் நாலு விரல் கூடவே விட்டு வெட்டினான். வாங்குகிறவர்களுக்கு வாயெல்லாம் பல். இரண்டு வாரத்தில், "சின்னவர் இல்லையா? அவர் வரட்டும், நிக்கறோம்" என்று ஆட்கள் காத்திருக்க ஆரம்பித்தார்கள். நான் உட்கார்ந்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"மாமா, நீங்க நிதானமா குணமாகுங்க. ஒண்ணும் அவசரமில்லை" என்று மச்சான் பாசமாகச் சொல்லுவான். அந்தப் பாசம் எனக்குப் பிடிக்கவில்லை.

என் மனைவி கல்லாவில் உட்கார்ந்து தம்பி கைமேல் ஒரு கண் வைத்திருக்க வேண்டியிருந்தது. அதனால் கட்டுப் பிரித்த பிறகு ஆஸ்பத்திரிக்கு நான் தனியாகத்தான் போனேன். அங்கேதான் வினை.

பயிற்சி கொடுக்கிற பெண்ணை எல்லோரும் பிசியோ என்று கூப்பிட்டார்கள். முப்பது வயது இருக்காது. நகத்தை ஒட்ட வெட்டியிருந்தாள். மேஜைமேல் ஒரு களிமண் உருண்டை, துணி உலர்த்துகிற கிளிப்புகள், ஒரு பஞ்சு. சுவரில் ஆறு முகம் வரைந்த படம். முதல் முகம் சிரிக்கிறது, கடைசி முகம் கண்ணீர் வடிக்கிறது. என் கட்டைவிரலைப் பிடித்து மெல்ல உள்பக்கம் தள்ளினாள். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

உள்ளே என்னவோ அஞ்சுதான். நேர்மையான அஞ்சு. வாய், "எட்டு" என்றது.

சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். "என்ன சார் எட்டு, பார்த்தா அப்படித் தெரியலையே, நாலுன்னு வெச்சுக்கலாமா?" என்பாள். "உனக்காக ஏழு" என்பேன். அவள் எழுந்து போகிற மாதிரி பாவனை செய்வாள். கூப்பிட்டு அஞ்சுக்கு முடிப்பேன். இரண்டு பேருக்கும் திருப்தி.

அவள் எட்டு என்று எழுதிக்கொண்டாள். "சரி சார், இன்னிக்கு இது போதும்" என்று கையை எடுத்துவிட்டாள்.

முப்பத்தைந்து வருடத்தில் நான் சொன்ன முதல் விலைக்கு மறுபேச்சில்லாமல் தலையாட்டினவர்கள் இரண்டே பேர். ஒருத்தர் காது கேட்காதவர். இன்னொருத்தர் கடை மாறி வந்தவர். அப்படி ஒருத்தர் ஒத்துக்கொண்டால் வியாபாரிக்குச் சந்தோஷம் வராது. குறைத்துச் சொல்லிவிட்டோமே என்று வயிறு எரியும். வீடு வரைக்கும் எரிந்தது.

அடுத்த வாரம் ஒன்பது என்றேன்.

"ஒன்பதா!" அவள் முகம் வாடியது. இருபது தடவை மடக்கச் சொல்லியிருந்ததை அஞ்சு தடவையாகக் குறைத்தாள். வெதுவெதுப்பான மெழுகில் கையை முக்கி வைத்தாள். அது சுகமாக இருந்தது. அதற்கடுத்த வாரம், "ஒன்பதரை" என்று போட்டுப் பார்த்தேன்.

"அரை கிடையாது சார்."

"சரி, நீ கேட்டதுக்காக ஒன்பது."

பயிற்சி இன்னும் குறைந்தது. மெழுகு கூடியது. நல்ல இடத்தில் நல்ல பேரம் முடித்த திருப்தியோடு வீட்டுக்கு வருவேன்.

"எப்படிப் போகுது?" என்பாள் மனைவி, என் சட்டைப் பொத்தானைக் கழற்றியபடி.

"கேக்கறதைக் குடுக்கறாங்க. தங்கமான இடம்."

"நீங்க என்ன கேட்டீங்க?"

"நான் என்ன கேட்டேன்? ஒண்ணும் கேக்கலை."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். முப்பத்திரண்டு வருடத்தில் நான் சொன்ன எந்த எண்ணையும் அவள் அப்படியே எடுத்துக்கொண்டதில்லை. பத்து நிமிஷத்தில் வருகிறேன் என்றால் அரை மணிக்குப் பிறகுதான் அடுப்பைப் பற்ற வைப்பாள். மூன்று பேர் சாப்பிட வருகிறார்கள் என்றால் அஞ்சு பேருக்குச் சமைப்பாள். ஒரு தடவையாவது தப்பியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

இப்படி அஞ்சு வாரம் ஓடிற்று. ஆபரேஷன் நடந்து ஒன்பதாவது வாரம், பிசியோ ஒரு சின்ன அளவுகோலை வைத்து அளந்தாள். மறுபடி அளந்தாள். பழைய தாள்களைப் புரட்டினாள்.

"சார், நடுவிரலைத் தாண்டவே இல்லை. அஞ்சு வாரமா அதே இடத்துல நிக்குது."

"மெதுவா வரும்மா."

"மெதுவா வர நேரம் எங்க சார் இருக்கு? இன்னும் மூணு வாரம்தான். தையல் ஆறிடுச்சு, வீக்கம் இல்லை, சூடு இல்லை. ஆனா வலி மட்டும் ஒன்பதுலயே நிக்குது." அளவுகோலைக் கீழே வைத்தாள். "நான் எங்கயோ தப்பு பண்றேன்னு தோணுது. அழுத்தக் கூடாத இடத்துல அழுத்திட்டேனோ என்னவோ."

நான் வாயைத் திறந்தேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் திறந்தேன். ஒன்பதிலிருந்து ஒரேயடியாக நாலுக்கு எப்படி இறங்குவது? அப்படி இறங்குகிறவன் கடையில் அடுத்த நாள் எவன் ஏறுவான்? மூடிக்கொண்டேன். அவள் டாக்டரைக் கூட்டி வந்தாள்.

டாக்டர் புதிதாக ஒரு படம் எடுக்கச் சொன்னார். வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். "படத்துல எல்லாம் அருமையா இருக்கு. இவ்வளவு அழகா அமைஞ்சு நானே பார்த்ததில்லை. வலி மட்டும் ஒன்பதுங்கறீங்க." பெருமூச்சு விட்டார். "திறந்து பார்த்துட வேண்டியதுதான்."

"எதை?"

"கையைத்தான். மறுபடி ஒரு தடவை."

எனக்கு வியர்த்துவிட்டது. மறுபடி திறந்தால் மறுபடி மாவுக்கட்டு. முதலிலிருந்து பன்னிரண்டு வாரம். அதற்குள் மச்சான் கடைப் பலகையில் தன் படத்தையே மாட்டிவிடுவான்.

"டாக்டர், ஏழுன்னு வெச்சுக்கலாமே."

"என்ன ஏழு?"

"வலி."

"இப்பத்தானே ஒன்பதுன்னீங்க?"

"அது... சும்மா சொல்றது. நமக்குள்ள என்ன, ஆறுன்னு போட்டுக்கோங்க."

அவர் பிசியோ பக்கம் திரும்பினார். "வலி நிலையா இல்லை, ஏறி இறங்குது பாருங்க. நரம்பு சம்பந்தப்பட்டதா இருக்கலாம். குறிச்சுக்கோங்க."

"அஞ்சு!" என்றேன்.

"ரொம்ப வேகமா மாறுது" என்றார் டாக்டர் கவலையோடு.

விலை இறங்க இறங்க எதிராளி முகம் மலர்ந்துதான் எனக்குப் பழக்கம். இங்கே ஒவ்வொரு இறக்கமும் ஒரு புது வியாதியாகக் குறிப்பேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. நாலு என்று சொன்னால் மூளையையும் படம் எடுத்திருப்பார்கள். அஞ்சோடு நிறுத்திக்கொண்டேன்.

"நாளைக்கு வீட்லேர்ந்து யாரையாவது கூட்டிட்டு வாங்க" என்றார் டாக்டர். "கையெழுத்து வேணும்."

மறுநாள் மனைவி வந்தாள். வழியெல்லாம், "என்ன ஆச்சு, எதுக்கு மறுபடி ஆபரேஷன்?" என்று கேட்டாள். "அவங்களுக்கே தெரியலையாம்" என்று மட்டும் சொன்னேன். அவள் முகம் வெளுத்திருந்தது. டாக்டர் பொறுமையாக விளக்கினார். எலும்பு சரி, நார் சரி, தையல் சரி. ஆனால் நோயாளிக்கு அஞ்சு வாரமாக வலி ஒன்பது.

"ஒன்பதுன்னு எதை வெச்சு டாக்டர் சொல்றீங்க? மிஷின்ல வருமா?"

"மிஷின் கிடையாதும்மா. அவரே சொல்றதுதான்."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த ஆறு முகங்களைப் பார்த்தேன். அவளுக்கு முதலில் தோள் குலுங்கியது. பிறகு சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"இவரா? இவர் சொன்ன ஒன்பதா? டாக்டர், அது நாலு."

"வலி அவருக்குத்தானேம்மா தெரியும்?"

"அவருக்கு என்ன தெரியும்? முப்பத்திரண்டு வருஷமா இவர் கிட்ட வாங்கிட்டு இருக்கேன். சொல்றதுல பாதி தட்டிட்டு ஆரம்பிக்கணும். இது ஒரு வியாதின்னா இவங்க தெருவுல முக்காவாசிப் பேருக்கு இருக்கு."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வலியை எதுக்குக் கூட்டிச் சொல்லணும்? அதுல என்ன லாபம்?"

பிசியோவுக்குத்தான் சட்டென்று விளங்கியது. அவள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"நான் குறைச்சுக் கேப்பேன்னு பார்த்தீங்களா?"

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா" என்றேன். "என்ன சார் எட்டுன்னு ஒரு வார்த்தை. அங்கயே இறங்கியிருப்பேன்."

"அஞ்சு வாரம் சார்! நீங்க ஒன்பதுன்னு சொல்லச் சொல்ல நான் கையை எடுத்துட்டே இருந்தேன். உங்களுக்கு வலிக்கக் கூடாதுன்னு. மெழுகுல முக்கி முக்கி வெச்சேன்." அவள் கண் கலங்கியிருந்தது. "அந்த அஞ்சு வாரத்தை இனிமே எங்கேர்ந்து கொண்டு வர்றது?"

என் மனைவிக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. "அப்ப இவருக்குக் கத்தரி பிடிக்க வருமா, வராதாம்மா?" என்றாள்.

"மூணு வாரம் இருக்கு. தினமும் வரணும். நீங்களும் கூட வரணும். இவர் ஒரு நம்பர் சொல்லுவார். நீங்க எனக்கு நிஜத்தைச் சொல்லணும்."

ஆக, என் வலிக்கு ஒரு தரகர் ஏற்பாடானாள்.

மறுநாளிலிருந்து மனைவி என் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். கடையைப் பார்க்க ஆளில்லை. மச்சான் தனி ராஜா. பிசியோ கட்டைவிரலைப் பிடித்து அழுத்துவாள்.

"எவ்வளவு சார்?"

"ஏழு."

பிசியோ மனைவியைப் பார்ப்பாள்.

"மூணரை" என்பாள் மனைவி.

"அரை கிடையாதும்மா."

"அப்ப மூணு. நல்லா அழுத்தும்மா, ஒண்ணும் ஆகாது."

நான் சொன்னது காற்றில் போகும். கட்டைவிரல் உள்ளே போகும். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் எட்டு நாளில் நடுவிரலைத் தாண்டி மோதிர விரலின் நுனிக்கு வந்துவிட்டது. பிசியோ அளந்துவிட்டு முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தாள். "உங்க வீட்டம்மா இல்லைன்னா நீங்க தேற மாட்டீங்க சார்."

அன்று மாலை கடைக்குப் போனேன். கத்தரிக்கோல் மேஜைமேல் கிடந்தது. மேல் வளையத்தில் நீலத் துணியைப் பட்டையாகக் கிழித்து, இறுக்கமாகச் சுற்றி, நூல் போட்டுத் தைத்திருந்தது. மச்சான் கட்டைவிரல் என்னுடையதைவிட ஒல்லி. வளையம் அவனுக்குத் தொளதொளவென்று இருந்திருக்கும். அதைத் தன் விரலுக்குத் தோதாக ஆக்கிக்கொண்டிருந்தான்.

"கையை வழுக்குது மாமா, அதான்" என்றான். தவறாக ஒன்றும் நினைக்கவில்லை. தைத்த தையல் நேர்த்தியாக வேறு இருந்தது. சும்மா சுற்றியிருந்தால் பிரித்துவிடலாம். தைத்திருக்கிறான் என்றால் அவனுக்கு அது நிரந்தரம்.

மறுநாள் பிசியோ அழுத்தினாள். "எவ்வளவு சார்?"

"ரெண்டு" என்றேன்.

அழுத்தட்டும், இன்னும் அழுத்தட்டும் என்றிருந்தது எனக்கு. ஒரே நாளில் சுண்டுவிரலுக்குப் போய்விட வேண்டும். முப்பத்தைந்து வருடத்தில் வாங்குகிறவனைவிட நானே விலையைக் குறைத்துச் சொன்னது அன்றைக்குத்தான்.

மனைவி யோசிக்கவே இல்லை. பழக்க தோஷம். "ஒண்ணு" என்றாள்.

பிசியோ இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினாள். அடிமூட்டிலிருந்து ஒரு சூடு கிளம்பி முழங்கைக்கு வந்து, தோளுக்கு வந்து, பல்லுக்குள் போய் உட்கார்ந்தது. அது எட்டு. ஒருவேளை ஒன்பதாகவும் இருந்திருக்கலாம், நிஜ ஒன்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கத்தவில்லை. வாய் தவறி விலையைக் குறைத்துச் சொல்லிவிட்டால் அந்த விலைக்கே கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்வதுதான் எங்கள் தெருவில் மரியாதை. மூடிக்கொண்டேன். சுவரில் இருந்த ஆறு முகமும் ஒன்றாகக் கலங்கித் தெரிந்தன.

"இன்னும் போகுதே! பரவாயில்லையா சார்?" என்றாள் பிசியோ உற்சாகமாக.

நான் பதில் சொல்லவில்லை.

"என்னங்க?" என்றாள் மனைவி. "ஏதாவது சொல்லுங்களேன்."

சொல்லவில்லை.

முக்காலி பின்னால் சாய்ந்து விழுந்த சத்தம் கேட்டது. "விடும்மா! கையை விடு! இவர் பேரம் பேசலை. நிஜமாவே வலிக்குது."

பிசியோ கையை எடுத்தாள். நான் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். கண்ணிலிருந்து வந்தது மேஜை விரிப்பில் விழுந்தது. நல்ல பருத்தி, உடனே உறிஞ்சிக்கொண்டது.

"ரெண்டுன்னீங்களே" என்றாள் மனைவி.

"அசலுக்குக் கீழ போயிட்டேன்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. என் இடது கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்குத் தெரியலையே, எனக்குத் தெரியலையே" என்று இரண்டு தடவை சொன்னாள். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூடத் தப்பாத கணக்கு தப்பிவிட்டது. அவளுக்கு அதுதான் பெரிய அடி. எனக்குக் கை வலித்தது.

கை வீங்கிவிட்டது. மூன்று நாள் அசைக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏற்கெனவே பற்றாமல் இருந்த நாளில் மூன்று நாள் போயிற்று. நாலாவது நாள் பிசியோ எங்கள் இருவரையும் நிற்க வைத்தே பேசினாள்.

"இனிமே யாரும் எனக்கு நம்பர் சொல்லக் கூடாது. நீங்களும் வேண்டாம், அம்மாவும் வேண்டாம். நான் அழுத்துவேன். தாங்கலைன்னா இடது கையால மேஜையைத் தட்டுங்க. நிறுத்திடுவேன். அவ்வளவுதான்."

"எத்தனை தடவை தட்டணும்?"

"ஒரு தடவை!"

முதல் நாள் கொஞ்சம் முன்னாலேயே தட்டிப் பார்த்தேன். அவள் உடனே நிறுத்தினாள். ஏன் என்று கேட்கவில்லை, முகத்தைச் சுளிக்கவில்லை, நம்பினாளா என்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஆரம்பித்தாள். எதிரில் பேசுகிறவர் இல்லாமல் எவ்வளவு நேரம் பேரம் பேசமுடியும்? இரண்டாம் நாள், எங்கே வலித்ததோ அங்கே தட்டினேன். வேறு எங்கே தட்டுவது என்று தெரியாததால்தான்.

பன்னிரண்டாவது வாரக் கடைசி நாள் டாக்டரே வந்து அளந்தார். கட்டைவிரல் நுனி மோதிர விரலின் அடிவரைக்கும் போயிற்று. அதற்கப்பால் சுண்டுவிரலின் அடி ஒரு விரற்கடை தூரத்தில் இருந்தது. தம் பிடித்துத் தள்ளிப் பார்த்தேன். அது வரவில்லை.

"சாவி, பாட்டில், பொத்தான் எல்லாம் வந்துடும்" என்றார் டாக்டர்.

"கத்தரிக்கோல்?"

"பிடிக்கலாம். முழுசா திறக்கும்போது வலிக்கும். அந்த அஞ்சு வாரமும் ஒழுங்கா நடந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர், பிசியோ முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவள் என் தாள்களை அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

நானும் மனைவியும் நேராகக் கடைக்குப் போனோம். அவள் கல்லாவில் போய் உட்கார்ந்தாள். மச்சான் ஒரு தையல்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். கோணல் வெட்டுக்காக அன்று மௌனமாகத் துணியை மடித்துக்கொண்டு போனாரே, அவர்தான். அதே கம்பளி ரகம். விலையில் ஒரு பத்து குறைத்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். மச்சான் என்னைப் பார்த்ததும் கத்தரிக்கோலை நீட்டினான். அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை.

"சரி, பத்து குறைச்சுக்கறேன்" என்று தையல்காரரிடம் சொல்லிவிட்டேன். அன்றைக்குப் பேச்சில் எனக்கு மனசு இல்லை. வெட்ட வேண்டும்.

வளையத்துக்குள் விரலை விட்டேன். நீலத்துணி மெத்தென்று இருந்தது. பிரிக்கச் சொல்லலாம் என்றிருந்தேன், சொல்லவில்லை. துணியை நீவிவிட்டு வெட்ட ஆரம்பித்தேன். ஒரு ஜாண் போயிற்று. நேராகத்தான் போயிற்று. அங்கே கத்தரி முழுசாகத் திறக்க வேண்டும். திறந்தேன். வலி சுருக்கென்று வந்தது. நின்றேன். மூச்சை உள்ளே இழுத்து விட்டேன். இன்னொரு ஜாண். மறுபடி நின்றேன். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறேன் போலிருக்கிறது.

தையல்காரர் என் முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவை நின்றபோது அவருக்குப் பொறுக்கவில்லை.

"சரி சரி, விடுங்க. மனசே இல்லாம வெட்டறீங்க. அந்தப் பத்தை நான் குறைச்சே கேட்டிருக்கக் கூடாது. நீங்க முதல்ல சொன்ன விலையே இருக்கட்டும். முகத்தை அப்படி வெச்சுக்காதீங்க, பார்க்கவே கஷ்டமா இருக்கு."

என் முகத்தில் இருந்தது கலப்படமே இல்லாத ஆறு. அதைச் சொல்லலாம் என்று நிமிர்ந்தேன். அவர் கைப்பையை ஏற்கெனவே திறந்துவிட்டிருந்தார். மச்சான் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். அந்தப் பத்தை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கல்லாவிலிருந்து மனைவி எழுந்து வந்தாள். தையல்காரர் பக்கம் திரும்பவே இல்லை. துணியின் மறுமுனையை இரண்டு கையாலும் பிடித்து, கத்தரி வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி விறைப்பாக இழுத்துக்கொடுத்தாள்.

"இன்னும் எவ்வளவு இருக்கு?" என்றாள் மெதுவாக.

"ரெண்டு ஜாண்."

துணியை ஒரு தடவை பார்த்தாள். என்னை ஒரு தடவை பார்த்தாள்.

"மூணு" என்றாள்.

மூன்றுதான் இருந்தது.